மாலை போட்ட கழுதை

டென்மார்க் மறியலில், அதாவது சிறையில், பேனாட்டுக்குக் கழுதை பார்க்கும் வேலை கிடைத்தது அவன் வாயால் வந்த வினை. 1986ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில், உள்ளே போன மூன்றாம் நாள், வேலை பிரித்துக் கொடுக்கும் எகோன் என்ற மேற்பார்வையாளர் அவனைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய், மூலையில் நின்ற ஒரு மிருகத்தைக் காட்டி, "உங்கட ஊரில் இது இருக்கா?" என்று கேட்டார். பேனாட் இலங்கையின் மன்னார்க்காரன். மன்னாரில் கழுதைகள் பஸ் நிலையத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் கேட்பாரில்லாமல் திரியும். உண்மையைச் சொல்லி வளர்ந்த பிள்ளை அல்லவா, "ஓம், நிறைய" என்று சொன்னான். அந்த ஒரு சொல்லோடு கழுதையை அவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

மன்னாரில் யாரும் கழுதையைத் தொடுவதில்லை என்பதையோ, தான் அங்கே கூட்டுறவுச் சங்கக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தவன் என்பதையோ விளக்குவதற்கு அவனிடம் அப்போது டேனிஷ் இல்லை. ஒன்றரை வருடத்தில் அவன் படித்த டேனிஷ், வேலை கேட்கவும் நன்றி சொல்லவும் மட்டும்தான் போதுமானதாக இருந்தது.

அது மதில் இல்லாத மறியல். ஸ்கீவ என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வயல்களுக்கு நடுவே வரும். ஓடவேண்டுமானால் ஓடலாம், ஓடியவனைப் பிடித்தால் மதில் உள்ள மறியலில் போடுவார்கள், அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்கள் தாங்களே சமைத்து, தாங்களே துவைத்து, பகலில் பண்ணையிலோ சீமெந்துக் கல் வார்க்கும் பட்டறையிலோ வேலை செய்யவேண்டும். பண்ணைக்குப் பின்னால் நீளமாக ஒரு கொட்டில். அடித்துச் சித்திரவதை செய்த சொந்தக்காரர்களிடமிருந்து பொலிஸ் பறித்தெடுத்த மிருகங்களை, வழக்கு முடியும்வரை அங்கே வைத்திருந்தார்கள். பட்டினி போடப்பட்ட நாய்கள், கண்ணில் அடி வாங்கிய ஒரு குதிரை, வால் இல்லாத பூனை ஒன்று. அவற்றைப் பார்ப்பது கள்ளர், குடிவெறிகாரர், கள்ளக் கையெழுத்துக்காரர். குற்றம் செய்தவனையும் குற்றம் நடந்த மிருகத்தையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தால் இரண்டும் திருந்தும் என்று மேலே யாரோ ஒருவருக்கு யோசனை வந்திருக்கிறது. மோசமான யோசனை என்று சொல்லிவிட முடியாது.

பேனாட் செய்த குற்றம் என்னவென்றால், அக்காவின் புருஷன் கேட்டதைக் கொடுத்தது.

அத்தான் சூசைதாசன் இக்காஸ்ட் என்ற ஊரில் துணித் தொழிற்சாலையில் வேலை செய்தார். பேனாட்டும் அவரோடுதான் ஓர் அறையில் இருந்தான். ஒரு நாள் அத்தான், "தம்பி, உன்ர பாஸ்போட்டை ரெண்டு நாளைக்குத் தா" என்றார். பேனாட் எடுத்துக் கொடுத்தான். ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் ஆட்களில் அக்காவின் புருஷனிடம் ஏன் என்று கேட்டால் அது அக்காவையே சந்தேகப்பட்ட மாதிரி. ஹம்பேர்க்கில் அகப்பட்டு நின்ற தன் தம்பியை இந்தப் பக்கம் கொண்டுவர அத்தான் அதில் படத்தை மாற்றியிருந்தார் என்பது எல்லையில் பொலிஸ் பிடித்த பிறகுதான் இவனுக்குத் தெரியும். தம்பிக்காரனைத் திரும்ப ஜெர்மனிக்குத் துரத்திவிட்டார்கள். பாஸ்போட்டின் சொந்தக்காரனைத் தேடி இக்காஸ்டுக்கு வந்தார்கள்.

தம்பிக்காரன் பிடிபட்ட செய்தி அதற்கு முதல் நாளே வந்துவிட்டது, அன்று இரவு முழுவதும் அத்தான் அவன் கட்டிலில் இருந்து அழுதார். "தம்பி, நீதான் மாத்தினனி எண்டு சொல்லு. அக்காவையும் பிள்ளையளையும் கூப்பிட நான் எழுதிப் போட்டிருக்கிறன். என்ர பேரில வழக்கு விழுந்தா அவை ஒருக்காலும் வரமாட்டினம். உனக்குக் கலியாணமில்லை, குடும்பமில்லை. ரெண்டு கிழமை போடுவாங்கள், நான் ஒவ்வொரு ஞாயிறும் வாறன்" என்றார். பேனாட் நீதவானுக்கு முன்னால் நின்று, "நான்தான்" என்றான். இரண்டு வாரம் இல்லை, ஐந்து மாதம் போட்டார்கள். அத்தான் முதல் ஞாயிறு வந்தார். இரண்டாம் ஞாயிறு பனி என்றார். மூன்றாம் ஞாயிறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மூன்றாம் ஞாயிற்றுக்கிழமைதான், வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், பேனாட் கொட்டிலுக்குள் போய்க் கழுதைக்குப் பக்கத்தில் வைக்கோலில் இருந்தான். அதுவரை அதற்குத் தண்ணீர் வைத்தான், சாணம் அள்ளினான், ஆனால் முகத்துக்கு முகம் பார்த்ததில்லை.

அது கோடை காலத்தில் கடற்கரையில் சின்னப்பிள்ளைகளை முதுகில் ஏற்றி நடக்கிற கழுதை. வேர்ணர் என்ற ஒருவன் அதை வைத்துப் பிழைத்தான். கோடை முடிந்ததும் ஓர் இருட்டுக் கொட்டிலில் சங்கிலியால் கட்டிவிட்டுப் போய்விடுவான். குளம்பை வெட்டுவதற்கு ஆள் வைக்காதபடியால் நாலு குளம்பும் வளர்ந்து, பழைய காலத்துச் செருப்பு மாதிரி மேலே சுருண்டிருந்தன. நடந்தால் அதற்கு நோகும். நடக்காவிட்டால் வேர்ணர் அடிப்பான். கழுத்தைச் சுற்றிச் சங்கிலி அறுத்த புண், இடுப்பில் பிரம்புத் தழும்புகள், மயிர் முளைக்காமல் வரிவரியாய். பொலிஸ் அதைக் கண்டபோது அது முழங்காலில் நின்று வைக்கோல் பொறுக்கிக்கொண்டிருந்ததாம்.

பேனாட் இதையெல்லாம் அறிந்தது பிரீபென் மூலம். பிரீபென் பக்கத்து நாய்க்கூடுகளைப் பார்க்கிற கிழட்டுக் கள்ளன். பாதி வாழ்க்கையை மறியலிலேயே கழித்தவன், ஆகையால் அந்த இடத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பேனாட்டுக்கு டேனிஷ் புரியும்வரை ஒரே வசனத்தை நாலுமுறை சொல்லும் பொறுமையும் அவனுக்கு இருந்தது.

கழுதைக்கு வேர்ணர் வைத்த பெயர் பிரின்ஸ். அந்தப் பெயரைச் சொன்னால் அதன் காது இரண்டும் பின்னால் படுத்துவிடும், தோல் நடுங்கும். அதனால் பேனாட் அதற்குத் 'துரை' என்று பெயர் மாற்றினான். ஒரு தமிழனைக் காலையில் ஆறு மணிக்கு எழுப்பி, தண்ணீர் எடுப்பித்து, படுக்கை விரிப்பிக்கிற வெள்ளைக்கார மிருகத்தை வேறு எப்படிக் கூப்பிடுவது?

துரையை வசப்படுத்த அவனுக்கு மூன்று கிழமை எடுத்தது. முதலில் அது சுவரோடு ஒட்டிக்கொண்டு பின்னங்காலைத் தூக்கி வைத்திருக்கும். பேனாட் கிட்டப் போகவில்லை. தன் பங்குக் கறுத்த ரொட்டிப் பாணைத் துண்டு துண்டாய்ப் பிய்த்து, வாசலிலிருந்து உள்ளே ஒவ்வொரு அடிக்கு ஒன்றாய் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து கதைப்பான். தமிழில்தான் கதைப்பான். அந்தக் கிழமைகளில் அவன் தமிழில் கதைத்த ஒரேயொரு உயிர் அதுதான். அத்தானைத் திட்டினான், அக்காவை நினைத்து அழுதான், மறியல் உருளைக்கிழங்கைப் பற்றி முறைப்பாடு சொன்னான். மூன்றாம் கிழமை ஒரு நாள், திட்டிக்கொண்டிருக்கும்போது, கழுத்துக்குப் பின்னால் சூடாய் மூச்சு பட்டது. அவன் அசையவில்லை. துரை அவன் தோளில் தாடையை வைத்து, முழுப் பாரத்தையும் விட்டது.

அதன் பிறகு குளம்பு வெட்டுகிறவர் வந்தபோது, நாலு பேர் பிடிக்கவேண்டிய வேலையைப் பேனாட் தனியாக முடித்தான். துரையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ஒண்டுமில்லை ராசா, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மூன்று முறையாகக் கொஞ்சம் கொஞ்சமாய் வெட்டினார்கள். மூன்றாம் முறை முடிந்ததும் துரை காலை ஊன்றிப் பார்த்தது, நம்பாமல் இன்னொருமுறை ஊன்றிப் பார்த்தது, பிறகு முற்றத்தைச் சுற்றி ஓடியது. சீமெந்துப் பட்டறையிலிருந்து எல்லோரும் வெளியே வந்து கை தட்டினார்கள்.

எகோனும் கை தட்டினார். நல்ல முகம் அவருக்கு. சிவந்த கன்னம், பைப் மணம், தோளில் கை போட்டுக் கதைக்கிற பழக்கம். பேனாட் அவரிடம் அன்றைக்குத் தன் அரைகுறை டேனிஷில் கேட்டான்: "இது திரும்ப அந்த ஆளிட்டைப் போகுமா?"

எகோன் சிரித்தார். "போகாது. நான் சொல்லுறன். கவலைப்படாதே."

அதிகாரத்தில் இருக்கிற ஒரு பெரிய மனிதர் தோளில் கை போட்டு 'நான் சொல்லுறன்' என்றால், மன்னாரில் அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. பேனாட் நிம்மதியாய்த் தூங்கினான். ஒருமுறை சூடு கண்டவன் அடுத்தமுறை யோசித்திருக்கவேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நம்புகிறவனுக்கு நம்புவதுதான் பழக்கம். அதை ஒரு மறியலில் போட்டு மாற்றிவிட முடியாது.

பங்குனி மாதம், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, எகோன் வந்து, "திங்கட்கிழமை ஆட்கள் வருகினம். கழுதையைப் பாக்க, படம் எடுக்க. வடிவா வைச்சிரு" என்றார்.

"என்ன ஆட்கள்?"

"முக்கியமான ஆட்கள்" என்றார் எகோன். அதோடு போய்விட்டார்.

முக்கியமான ஆட்கள் வருகிறார்கள் என்றால் என்ன செய்வது என்று பேனாட்டுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மேற்றிராணியாராகிய ஆயர் வந்தபோது கோயில் வாசலில் அவன் சோடனை கட்டியிருக்கிறான். மறியலின் பொழுதுபோக்கு அறையில் ஈஸ்டர் பாஸ்காவுக்கென்று வைத்திருந்த கிறேப் கடதாசி முழுவதையும் வாங்கிவந்தான். சனியும் ஞாயிறும் இருந்து பூ வெட்டி, மஞ்சளும் வெள்ளையுமாய் அடுக்கி, ஒரு மாலை கட்டினான். சும்மா மாலை இல்லை, தடிப்பான, நெஞ்சு வரை தொங்குகிற மாலை. துரையைக் குளிப்பாட்டி, மணித்தியாலக் கணக்கில் தூரிகை போட்டு மினுக்கினான். குதிரைக்கு வைத்திருந்த சிவப்புக் கம்பளியைக் கடன் வாங்கி முதுகில் விரித்தான். அது இடுப்பு முழுவதையும் மூடி அழகாய் விழுந்தது. குளம்புகளுக்கு எண்ணெய் பூசினான். திங்கட்கிழமை காலையில் துரையை வெளியே கொண்டுவந்தபோது பிரீபென் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "கலியாணமா?" என்று கேட்டான்.

பேனாட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் வீட்டுப் பிள்ளையை அழுக்கோடும் காயத்தோடும் விருந்தாளிக்கு முன்னால் நிறுத்துகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. காயத்தை மூடித்தான் வெளியே அனுப்புவோம். அவனுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தோல் பை வைத்திருந்தார். ஒருவர் வயதான மிருக வைத்தியர், வேலிக்கு வெளியே நின்றே பார்த்தார். மூன்றாமவர் கமெரா வைத்திருந்தார். கமெராக்காரர் எகோனிடம், கழுத்தில் இருப்பதைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டார். பேனாட்டுக்கு அந்தக் கேள்வி புரிந்தது. தன் இரண்டு நாள் வேலையைக் கழற்றிவிடுவார்களோ என்று பதறிப்போய் எகோனைப் பார்த்தான்.

"தேவையில்லை. அப்பிடியே எடுங்கோ" என்றார் எகோன்.

பேனாட் அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னான். படம் எடுத்தார்கள். துரை பேனாட்டின் தோளில் தலையை வைத்துக்கொண்டு, மாலையும் கம்பளியுமாய், மொழுமொழு என்று நின்றது. தோல் பைக்காரர் ஒரு தாளை நீட்டி, யார் தினமும் பார்க்கிறது என்று கேட்டார். மிருகம் நன்றாகச் சாப்பிடுகிறது, நன்றாக நடக்கிறது, ஆட்களோடு சாதுவாய்ப் பழகுகிறது என்று அதில் எழுதியிருப்பதாக எகோன் சொன்னார். எல்லாம் உண்மைதானே. பேனாட் கையெழுத்து வைத்தான்.

அக்கா எமிலியா வந்தது சித்திரை மாதக் கடைசி ஞாயிறு. அவள் டென்மார்க்குக்கு வந்து ஐந்து கிழமையாகிவிட்டது என்பதே அவள் வாசலில் வந்து நின்றபோதுதான் அவனுக்குத் தெரியும். மகளைக் கையில் பிடித்திருந்தாள். தடித்த குளிர்ச் சட்டைக்குள் அவள் பாதியாய் இருந்தாள். அத்தானுக்குத் தலையிடியாம், காருக்குள் இருக்கிறாராம்.

அவள் கொண்டுவந்த புட்டையும் மீன்குழம்பையும் பேனாட் அவசரமாய்ச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடியுமட்டும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பிள்ளைக்குக் கேட்காதபடி, "ஏனடா தம்பி இப்பிடிச் செய்தனி?" என்றாள்.

"எதையக்கா?"

"பாஸ்போட்டைக் காசுக்கு வித்தனியாம். அவர் எவ்வளவு சொல்லித் தடுத்தவராம். அவற்ற தம்பியாரையும் அதில மாட்டிவிட்டு, இப்ப அந்தப் பெடியன் ஜெர்மனியில தெருவில நிக்குது. இக்காஸ்டில எங்கட ஆக்கள் முகத்தில எப்பிடி முழிக்கிறது? அவர் வாய் திறந்து உன்னை ஒரு சொல் பேசேல்லை. இவ்வளவுக்குப் பிறகும் உன்னைப் பாக்கவேணும் எண்டு அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர்."

பேனாட் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தான். நாக்கூசாமல் பொய் சொன்னது மட்டுமில்லை, அந்தப் பொய்யில் தன்னை நல்லவனாகவும் ஆக்கிக்கொண்டு, அந்த மனிதன் காருக்குள் வெயில் காய்கிறான். இவன் வாயைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் உடையும். எது உடையும்? அக்காவின் வீடு உடையும். பாஷை தெரியாத நாட்டில், ஐந்து கிழமைக்கு முன் வந்தவள், இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவாள்? அத்தான் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் அவளைத் தனியே உள்ளே அனுப்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் இவனுக்குப் பிடிபட்டது. இவன் பேசமாட்டான் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். அந்த நிச்சயம்தான் பொய்யைவிட அதிகமாய்ச் சுட்டது.

"பிழைதான், அக்கா" என்றான்.

பிள்ளைக்கு மிருகங்களைக் காட்டலாம் என்று அவர்களைக் கொட்டில் பக்கம் கூட்டிப்போனான். அவன் உதட்டைக் குவித்துச் சீக்கை அடித்ததும் துரை வயலின் அந்தத் தொங்கல் எல்லையிலிருந்து ஓடிவந்து, வேலிக்கு மேலால் தலையை நீட்டி, அவன் தோளில் வைத்தது. பிள்ளை சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. கழுத்துத் தழும்பையும் பார்த்தாள், தம்பியின் முகத்தையும் பார்த்தாள்.

"இதுக்காவது உண்மையா இரு" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வைகாசி பதினாறாம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஒரு கார் பின்னால் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு முற்றத்துக்குள் வந்தது. எகோன் முன்னுக்கு வந்து, வழக்கம்போலத் தோளில் கை போட்டார். வழக்கு முடிந்துவிட்டது என்றார். துரைக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது, வடக்கே ஒரு வயதான புருஷனும் பெண்சாதியும், ஆப்பிள் தோட்டம் இருக்கிறது, பிள்ளைகள் ஏறமாட்டார்கள் என்றார். "உன்னைத் தவிர வேற ஆர் கூப்பிட்டாலும் இது ட்ரெய்லரில ஏறாது. நீதான் ஏத்திவிட வேணும்."

பிரிவது பேனாட்டுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் சந்தோஷம். தன் ஐந்து மாதத்தில் ஒரு காரியமாவது நல்லபடியாய் முடிகிறது. அறைக்கு ஓடிப்போய்த் தன் காலைச் சாப்பாட்டுப் பாணை எடுத்துவந்தான். ட்ரெய்லரின் பலகையில் பின்பக்கமாய் ஏறி, துரையின் முகத்தைப் பார்த்தபடி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு துண்டு கொடுத்துக் கூப்பிட்டான். துரைக்குப் பலகைச் சத்தம் பயம். ஒரு காலை வைத்தது, எடுத்தது. திரும்ப வைத்தது. முன்னங்கால் இரண்டும் ஏறியாயிற்று.

அப்போது காரின் கதவு திறந்தது. இறங்கியவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிரின்ஸ்" என்றான்.

துரையின் காதுகள் படுத்தன. தோல் நடுங்கியது. வாயில் இருந்த பாண் கீழே விழுந்தது. பேனாட் அந்த மனிதனை அதற்கு முன் கண்டதில்லை, ஆனால் யார் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"நீங்கள் சொன்னியள்" என்றான் எகோனிடம். டேனிஷில் அவனுக்கு அதற்குமேல் வரவில்லை. "நீங்கள் சொன்னியள்."

எகோன் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். கோட்ஸ் நீதவானின் தீர்ப்பு அது, தான் என்ன செய்ய முடியும் என்றார். கோட்ஸுக்குப் போன படத்தில் மிருகம் நன்றாக இருக்கிறது, பார்க்கிறவனே கையெழுத்து வைத்திருக்கிறான், வேர்ணரும் இனி ஒழுங்காய் வைத்திருப்பதாய்ச் சொல்லியிருக்கிறான் என்றார். சொல்லும்போது அவர் பேனாட்டைப் பார்க்கவில்லை, ட்ரெய்லரின் சில்லுச் சக்கரத்தைப் பார்த்தார்.

பேனாட்டுக்கு அந்தத் திங்கட்கிழமை முழுவதும் கண்முன் வந்தது. சங்கிலி அறுத்த இடத்தை மறைத்துத் தான் கட்டின மாலை. பிரம்புத் தழும்பை மூடித் தான் விரித்த கம்பளி. கழற்ற வேண்டுமா என்று அவர்கள் கேட்டார்களே. தேவையில்லை என்று இந்த மனிதன்தானே சொன்னான். பேனாட் இரண்டு நாள் இருந்து தன் கையாலேயே வேர்ணருக்குச் சாட்சி தயாரித்துக் கொடுத்திருக்கிறான். எகோனும் வேர்ணரும் ஒன்றாய் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் என்று அன்று பின்னேரம் பிரீபென் சொன்னான். பிரீபெனுக்கு அது முதலே தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பானாம்.

வேர்ணர் காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு கயிற்றையும் தடியையும் எடுத்தான். அவசரமில்லாமல், தினமும் செய்கிற வேலை மாதிரி எடுத்தான். துரை பின்னங்காலில் சாய்ந்து பலகையிலிருந்து இறங்கப் பார்த்தது. ஆனால் ஓடவில்லை. கயிறு பேனாட்டின் கையில் தளர்வாய்த்தான் இருந்தது, இழுத்திருந்தால் கழன்றிருக்கும். அது அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது. இவன் என்ன சொல்கிறானோ அதைச் செய்வோம் என்று நின்றது.

எகோன் கிட்ட வந்து, மெல்லிய குரலில், அன்பாகவே சொன்னார். "நீ ஏத்தினால் அடி இல்லாமல் ஏறும். இல்லாட்டி அவன் ஏத்துவான். யோசி."

கயிற்றை விட்டுவிட்டால் துரை எங்கே ஓடும்? மதில் இல்லைத்தான். ஆனால் சுற்றிவர முப்பது மைலுக்கு வயலும் ரோட்டும். பின்னேரத்துக்குள் பிடித்துவிடுவார்கள், பிடிக்கும்போது அடிப்பார்கள். வேர்ணரின் தடியைப் பிடுங்கி அவனுக்கே இரண்டு போட்டால்? அதற்கும் பின்னேரம் துரை அந்த ட்ரெய்லரில்தான் இருக்கும். இந்த மனிதர்கள் எப்போதும் நல்லவனுக்கு இரண்டு வழிகளை விட்டுவைப்பார்கள், இரண்டும் அவர்களுடைய வாசலில்தான் போய் முடியும். பேனாட் இன்னொரு துண்டு பாணை எடுத்தான்.

"வா ராசா" என்றான். "ஒண்டுமில்லை. நான் இருக்கிறன்தானே. வா."

துரை வந்தது. நடுங்கி நடுங்கி, ஒவ்வோர் அடியாய், பலகை முழுவதும் ஏறி உள்ளே வந்து, இருட்டில் அவன் தோளில் தாடையை வைத்தது. அவன் கழுத்துக் கயிற்றை வளையத்தில் கட்டினான். இரண்டுமுறை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான், இறுக்காமல் இருக்கவேண்டும் என்று. பிறகு அதன் தலையைத் தன் தோளிலிருந்து கையால் தூக்கி எடுத்துவிட்டு, பக்கத்துச் சின்னக் கதவால் குனிந்து வெளியே வந்தான். பின்னால் பலகையைத் தூக்கிப் பூட்டினார்கள்.

ட்ரெய்லர் வாசலால் திரும்பும்வரை சத்தமில்லை. பிறகு துரை கத்தியது. கழுதை கத்துவதை யாரும் அழகு என்று சொல்லமாட்டார்கள், மறியல்காரரும் வழக்கமாய்ச் சிரிப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஸ்கீவ ரோட்டில் ஏறி மரங்களுக்குள் மறையும்வரை அது கேட்டது. வேர்ணரைக் கண்டு கத்துகிற சத்தமில்லை அது. காலையில் பாண் கொண்டுவரப் பிந்தினால் அவனைக் கூப்பிடுகிற சத்தம்.

அன்று மத்தியானம் எகோன் அவனுக்கு இரண்டு நாள் லீவு எழுதிக்கொண்டு வந்தார், இக்காஸ்டுக்குப் போய்ச் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று. பேனாட் தாளை வாங்கவில்லை. தன்னைச் சீமெந்துப் பட்டறைக்கு மாற்றும்படி கேட்டான்.

"ஏன்? மிருகங்களுக்கு உன்னைவிட நல்ல ஆள் எங்களிட்டை இல்லை" என்றார் எகோன். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "அது உன்னை எவ்வளவு நம்பினது."

"ஓம்" என்றான் பேனாட். "நம்பினது."

மிச்சமிருந்த ஆறு கிழமையும் அவன் கல் வார்த்தான். கடைசிக் கிழமை பொலிஸ் ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டது. எலும்பும் தோலுமாய் ஒரு கறுத்த பெட்டை, ஒரு கண் மூடியிருந்தது. பிரீபெனைக் கண்டாலும் கூட்டின் மூலைக்குள் போய்ச் சிறுநீர் கழித்துவிடும். மூன்று நாள் யாரிடமும் வாய் வைத்து வாங்கிச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் இடைவேளையில், பேனாட் பட்டறை வாசற்படியில் சும்மா இருந்தபோது, அது திறந்திருந்த கூட்டிலிருந்து மெல்ல மெல்ல முற்றத்தைக் கடந்து வந்தது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. வயிற்றை நிலத்தில் தேய்த்துக்கொண்டு வந்து, அவன் காலிலிருந்த சப்பாத்தை மோந்து பார்த்து, அவன் கையில் மூக்கை வைத்தது. பிரீபென் தூரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தான்.

பேனாட் எழுந்தான். காலைத் தூக்கி நிலத்தில் ஓங்கி மிதித்தான். நாய் துள்ளி விலகி, நம்ப முடியாமல், திரும்ப ஓர் அடி கிட்ட வந்தது. அவன் குனிந்து ஒரு சீமெந்துத் துண்டை எடுத்துக் கையை ஓங்கினான். எறியவில்லை. கண்ணீர் தாரைதாரையாய் ஓடியது.

"போ" என்று கத்தினான். "என்னட்டை வராதே. போ."